புகார்தாரர்: பெயர் குறிப்பிடவில்லை

எட்டு அங்குலம். அதுவரை புல்.
எட்டே காலில் அது பொதுத் தொல்லை,
ஏழாம் அத்தியாயம், மூன்றாம் பிரிவு.
என் காரின் பின்னிருக்கையில்
மஞ்சள் மரக்கோல் ஒன்று கிடக்கிறது,
எட்டில் ஒரு சிவப்புக் கோடு.
நெப்ராஸ்காவின் இந்தச் சிற்றூரில்
மே முதல் அக்டோபர் வரை
நான் குனிந்த இடமெல்லாம் வழக்கு.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால்
செவ்வாய்க்குள் என் மேசை நிறைந்துவிடும்.
அக்கா வீட்டின் மேல் தங்கை,
மைத்துனன் மேல் மைத்துனன்,
ஒருமுறை லூத்தரன் தேவாலயத்தின் மேல்
மெத்தடிஸ்ட் தேவாலயம்.
பெயர் போட வேண்டாம் என்பதால்
எல்லோருக்கும் தைரியம்.
வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்.
இங்கே ஓணான்கூடக் கையெழுத்துப் போடுவதில்லை.

வால்நட் தெரு, 614.
உரிமையாளர் லைல் வோபொரில்.
தானியக் கிடங்கின் எடைமேடையில்
முப்பத்தோரு வருடம் லாரிகளை நிறுத்தவர்.
புகார் நீல மையில் இருந்தது:
"முன்புறம் பதினொன்று. பின்புறம் பதினான்கு.
கொட்டகை ஓரம் முட்செடி. பூக்குமுன் வரவும்."
அளந்து பார்த்துப் புகார் எழுதும் ஆளை
நான் அதுவரை கண்டதில்லை.

போனேன். குனிந்தேன்.
முன்புறம் பதினொன்று.
பின்புறம் பதினான்கு.
கதிர் விட்ட புல் முழங்காலை உரசியது.
கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த
புல்வெட்டும் இயந்திரத்தின் சக்கரத்தில்
அவசரமே இல்லாமல் ஒரு கொடி ஏறியிருந்தது.
பின்புறத்து வேலி ஆறடி உயரம்.
தெருவிலிருந்து பார்த்தால்
உள்ளே இருப்பது எவருக்கும் தெரியாது.
அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

பதிவுத் தபாலில் அறிவிப்பு போனது.
பத்து நாள் கெடு. தவறினால்
நகராட்சியே ஆள் வைத்து வெட்டும்.
நூற்று நாற்பது டாலர்
சொத்து வரியோடு சேர்ந்து வரும்.
பச்சை அட்டை கையெழுத்தாகித் திரும்பியது.
நீல மை.
வாலை நீள இழுத்துவிட்ட அதே 'எல்',
பெயர் முழுக்க.

டார்லாவிடம் நான் காட்டவில்லை.
அட்டையைப் புகாரின் மேல் வைத்தேன்,
எடுத்தேன், மறுபடி வைத்தேன்.
தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடுகிறவர்
எத்தனை பிடி என்றுமா எழுதிவைப்பார்?

கெடு முடிந்த மறுநாள் காலை
ஒப்பந்தக்காரரின் பையன்கள் இருவர் வந்தார்கள்.
நான் வரவேண்டிய அவசியமில்லை.
வந்தேன்.
முட்செடி பூத்துவிட்டிருந்தது.
சட்டம் பத்து நாள் காத்திருக்கும், அது காத்திருக்காது.
வோபொரில் படியில் நின்றிருந்தார்.
மூக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி
கதவிடுக்கில் நுழைந்து
உள்ளே எதனோடோ பேசிக்கொண்டிருந்தது.
அளவு நாடாவோடு நடக்க அந்த நீளம் போதும்.
இயந்திரம் தள்ள மூச்சுப் போதாது.

எதிர்வீட்டு வெர்னா பலமுறை கேட்டாளாம்,
மகனை அனுப்பட்டுமா என்று.
சர்ச்சிலும் கேட்டார்களாம்.
புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது.
அபராதம் என்றால் வேறு.
அபராதத்துக்கு எவருக்கும்
நன்றி சொல்ல வேண்டியதில்லை.

"யார் எழுதிப் போட்டது?" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
"சொல்லக்கூடாது. விதி."
"சரிதான்" என்றார். "ஊர் அப்படி."

இயந்திரம் பின்பக்கம் திரும்பியது.
பச்சை வாசனை, பெட்ரோல் வாசனை,
கல்லில் பட்ட கத்தியின் ஒற்றைச் சத்தம்.
அவர் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்,
லாரி மேடையேறும்போது கேட்டதைப் போல.

"பின்னால் எவ்வளவு போட்டிருக்கிறாய்?"
"பதினான்கு."
"நீ வந்த அன்றைக்குப் பதினாலே கால்" என்றார்.
"நல்ல மண் இது."

காருக்குப் போய்
கோப்பில் திருத்திக்கொண்டேன்.